பேக்கரிக் குசினியைப் பகிர்ந்து கேக் செய்யப் போகிறீர்களா? போறணைக்கு முன்னம் ஆறவைக்கிற மேசையைக் கதையுங்கள்

தங்கச்சி, நீங்கள் கேட்டது இதுதான்: கிளிநொச்சியில் வீட்டிலிருந்து கேக் செய்து கொடுக்கிறீர்கள், ஓடர் கூடிவிட்டது, வீட்டு ஓவனில் ஒரு தடவைக்கு ஒரு கிலோவுக்கு மேல் வைக்க முடியவில்லை. தெரிந்த பேக்கரிக்காரர் ஒருவர் "சும்மா கிடக்கிற நேரம் வந்து போட்டுக்கொண்டு போங்கோ, ஏதாவது பார்த்துத் தாங்கோ" என்கிறார். எவ்வளவு கொடுப்பது, எழுத்தில் என்ன வாங்குவது, பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் யார் பதில் சொல்வது?

நான் எட்டு வருடமாக இப்படிப் பகிர்ந்துதான் செய்கிறேன். முதலில் பரந்தன் பக்கம் ஒரு பேக்கரியில் தனியாக, பிறகு நாங்கள் நான்கு பெண்கள் சேர்ந்து, இப்போது மூன்று பேராக ஒரு கடையின் பின்னறையில். அதனால் எனக்குத் தெரிந்ததை முழுவதும் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

எல்லாவற்றுக்கும் முன்னம் ஒன்று. "ஏதாவது பார்த்துத் தாங்கோ" என்ற பேச்சோடு ஆரம்பிக்காதீர்கள். அவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார், சந்தேகமில்லை, ஆனால் மூன்றாம் மாதம் கரண்ட் பில் வரும்போது அவருக்கு ஒரு கணக்கு இருக்கும், உங்களுக்கு வேறொரு கணக்கு இருக்கும், இரண்டு பேரும் வெளியே சொல்ல மாட்டீர்கள். நான் பார்த்த பல கூட்டுகள் இப்படித்தான் முறிந்தன, சண்டை கூட இல்லாமல்.

சரி, இப்போது முக்கியமான விஷயம். எல்லாரும் போறணை, அதாவது பேக்கரியின் பெரிய ஓவன், எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்றுதான் கதைப்பார்கள். கேக்குக்குப் போறணையில் வேலை ஒரு மணித்தியாலம்தான். ஒரு கிலோ பட்டர் கேக் வெளியே வந்த பிறகு நடுப்பகுதி வரை ஆற இரண்டு மணித்தியாலமாவது வேண்டும், எங்கள் வெயில் காலத்தில் அதற்கும் மேலே போகும். அந்த நேரம் அது ஒரு சுத்தமான மேசையில், ஈ படாமல், யாரும் தட்டாமல், மேலே மாத்தூசி விழாமல் இருக்க வேண்டும். பேக்கரியில் ஒருபோதும் காலியாக இல்லாத பொருள் மேசைதான். பணிஸ் தட்டு இறக்க, மா உருட்ட, சாமான் பொதி செய்ய எல்லாவற்றுக்கும் அதுவே. நீங்கள் போறணையை மட்டும் கேட்டு வாங்கினால், சுட்ட கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று நிற்பீர்கள். ஆகவே அவரிடம் முதலில் கேட்க வேண்டியது: "அண்ணை, இந்த மூலை மேசையும் பக்கத்துத் தட்டுப் பலகையும் இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை எனக்கு மட்டும் தருவீங்களோ?" இதற்கு ஓம் என்றால் மற்றதெல்லாம் கதைத்து முடிக்கலாம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஆரம்பித்த வருடம் ஒரு கலியாணத்துக்கு நாலு கிலோ கேக், இரவு சுட்டு அங்கேயே ஆறவைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன், காலையில் போய் ஐசிங் போடலாம் என்று. இரவு வேலைக்காரப் பெடியள் அதே தட்டுப் பலகையில் கீழ்த்தட்டில் மீன் பணிஸுக்கான கறியை மூடாமல் வைத்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அது அவர்களின் தட்டுப் பலகை, யாரும் அவர்களிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. காலையில் கேக்கை முகர்ந்தபோது வெங்காயமும் மீனும். பட்டர் மணத்தைப் பஞ்சு போல உறிஞ்சிக்கொள்ளும், ஐசிங் போட்டாலும் மறையாது. பன்னிரண்டு மணிக்குள் வேறு இரண்டு வீட்டு ஓவன்களில் திரும்பச் சுட்டு, கலியாண வீட்டுக்கு நேரத்துக்குக் கொடுத்தேன். அன்றைக்குப் போன பட்டரும் முட்டையும் அந்த மாத வருமானத்தில் பாதி. பிரிட்ஜுக்கும் இதே கதைதான். பேக்கரி பிரிட்ஜில் கறி, முட்டைக்கலவை எல்லாம் இருக்கும், அதில் பட்டர் ஐசிங் வைக்கவே வேண்டாம். பொதுப் பிரிட்ஜ்தான் என்றால் இறுக்கமான மூடியுள்ள பெட்டி, மேல்தட்டு, உங்கள் பெயர்.

நேரத்துக்கு வருவோம். பேக்கரியின் நாள் எப்படி ஓடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டுதான் நேரம் கேட்க வேண்டும். மாலையில் மா குழைப்பார்கள், நள்ளிரவுக்குப் பிறகு பாண் போடுவார்கள், விடியப் பாண் போகும், பின்னேரத் தேத்தண்ணிக்கு மத்தியானம் மறுபடி பணிஸ் ஆரம்பிக்கும். இடையில் காலை எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரைதான் பெரும்பாலும் உண்மையான ஓய்வு. உங்களுக்கு அவர் மாலை நேரம் தருகிறேன் என்றால் நன்றாக யோசியுங்கள், அது மா குழைக்கும் நேரம், கூட்டமும் தூசியும் இருக்கும். காலை நேரத்தைக் கேளுங்கள். இன்னொரு காரணமும் இருக்கிறது, வெளிப்படையாகவே சொல்கிறேன்: ஒரு பெண் தனியாக, ஆண்கள் மட்டும் வேலை செய்கிற இடத்தில், இரவு பத்து மணிக்கு நிற்க வேண்டியதில்லை. வீட்டில் ஆண் துணை இல்லாத எத்தனையோ பெண்கள் எங்கள் பக்கத்தில் இந்தத் தொழிலை நம்பியிருக்கிறார்கள், ஊர் வாயும் சேர்ந்துதான் வரும். பகல் நேரம், கூட ஒரு ஆள், திறப்பு யாரிடம் என்பது தெளிவு. இதைக் கேட்க வெட்கப்படாதீர்கள், நல்ல முதலாளிக்கு இது விளங்கும்.

போறணை விறகுப் போறணையா, காஸா, கரண்டா என்று பாருங்கள். விறகுப் போறணை என்றால் பயப்பட வேண்டாம், அதில் ஒரு நன்மை இருக்கிறது. பாணுக்கு 220 பாகை செல்சியஸ் அளவில் சூடு வேண்டும், பட்டர் கேக்குக்கு 160 முதல் 170, உலர்பழம் போட்ட ரிச் கேக்குக்கு 140 முதல் 150தான், ஆனால் நீண்ட நேரம். பாண் இறக்கிய பிறகு போறணைச் சூடு மெல்ல மெல்லத்தான் இறங்கும், அந்த இறங்குகிற சூட்டிலேயே முதலில் பட்டர் கேக்கையும் அதற்குப் பிறகு ரிச் கேக்கையும் வைத்து எடுக்கலாம், விறகு கூடப் போட வேண்டியதில்லை. 2022இல் காஸ் இல்லாமல், மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலத்தில், நாங்கள் நான்கு பேரும் ஓடர் விடாமல் செய்தது ஒரு பழைய விறகுப் போறணையின் மிச்சச் சூட்டில்தான். ஆனால் உள்ளே வைக்கிற வெப்பமானி ஒன்று கட்டாயம் வாங்குங்கள், கை வைத்துப் பார்த்துச் சூடு சொல்வது பாண் போடுகிறவருக்குக் கைவந்த கலை, கேக் போடுகிற எங்களுக்கு அது போதாது.

ஐசிங்கை அங்கே போடாதீர்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். பட்டர் 32 முதல் 35 பாகைக்குள் உருகிவிடும், அதற்கு முன்னமே தளர்ந்துவிடும். சித்திரை, வைகாசியில் எங்கள் மத்தியான வெயிலே அதைத் தாண்டுகிறது, போறணைக்குப் பக்கத்து அறை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சுடுவது பேக்கரியில், ஐசிங் வீட்டில் விடியற்காலை நாலரையிலிருந்து ஏழரைக்குள். அப்படிப் பிரித்தால் வாடகை நேரமும் பாதியாகும். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம், ஐசிங் போடுகிற வீட்டு அறையும் உணவு தயாரிக்கிற இடம்தான், பி.எச்.ஐ அதையும் பார்ப்பார். அங்கேயும் கோழி, பூனை வராத கதவு, கழுவக்கூடிய மேசை, மூடிய குப்பைவாளி வேண்டும்.

இப்போது அலுவலகப் பக்கம். பேக்கரிக்காரரிடம் பிரதேச சபை வியாபார அனுமதிப்பத்திரம் இருக்கும், உங்கள் இடம் என்றால் கரைச்சிப் பிரதேச சபை. அது அவருடைய பெயருக்கும் அவருடைய தொழிலுக்கும் கொடுத்தது, நீங்கள் அங்கே நின்று செய்வதால் அது உங்களுக்கும் சேர்ந்தது என்று நினைத்துவிட வேண்டாம். அது வருடத்துக்கு வருடம் புதுப்பிக்க வேண்டியது, டிசம்பர் 31 உடன் முடியும், ஆகவே சேரும் முன்னம் இந்த வருடத்துக்குரியதை அவர் எடுத்திருக்கிறாரா என்று கண்ணால் பாருங்கள். கேட்பது மரியாதைக் குறைவில்லை, அவர் இடம் மூடப்பட்டால் உங்கள் ஓடரும் மூடப்படும். உங்கள் பக்கத்துக்குப் பிரதேச செயலகத்தில் வணிகப் பெயரைப் பதிவு செய்யுங்கள். கிராம சேவையாளரின் உறுதிப்படுத்தல், அடையாள அட்டை, தொழில் நடக்கிற விலாசத்துக்கு இடத்துக்காரரின் சம்மதக் கடிதம் அல்லது வாடகை ஒப்பந்தம் என்று கேட்பார்கள். பேக்கரிக்காரர் ஒரு கடிதம் தரத் தயாரா என்பது இதனாலும் முக்கியம். கடிதம் தர மாட்டேன் ஆனால் இடம் தருகிறேன் என்றால் அந்த இடம் வேண்டாம்.

அப்புறம் பி.எச்.ஐ. பெரும்பாலானோர் அவர் வரக்கூடாது என்று கும்பிடுவார்கள். நான் சொல்வது, நீங்களே போங்கள், பேக்கரிக்காரரையும் கூட்டிக்கொண்டு, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு. "ஐயா, இவருடைய பேக்கரியில் இத்தனை மணிக்கு நான் கேக் சுடப் போகிறேன், என்ன சரி செய்ய வேண்டும்?" என்று முதலே கேட்டவருக்கும், முறைப்பாடு வந்த பிறகு பிடிபட்டவருக்கும் நிறைய வித்தியாசம். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் சுத்தமில்லாத இடத்தில் உணவு தயாரிப்பதும் விற்பதும் குற்றம், வழக்கு பேக்கரிக்காரர் மேலும் வரலாம், உங்கள் மேலும் வரலாம். பி.எச்.ஐ பார்ப்பது பெரும்பாலும் தண்ணீர், கழிவு நீர் போகிற வழி, மலசலகூடம் எவ்வளவு தூரம், சாமான் நிலத்தில் படாமல் இருக்கிறதா, எலி கரப்பான், வேலை செய்கிறவர்களின் மருத்துவச் சான்று, தலைமூடி, நகம். மருத்துவச் சான்றை உங்கள் பெயரில் தனியாக எடுங்கள், உதவிக்கு வருகிற பிள்ளைக்கும் சேர்த்து. தண்ணீர் கிணற்றிலிருந்தா, குழாயிலிருந்தா, தாங்கியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று கேளுங்கள். வன்னியில் நிறைய இடங்களில் கிணற்றுத் தண்ணீர் கல்லுப் படிகிற தண்ணீர், கேக்கில் அதன் ருசி தெரியாது, ஆனால் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை கேட்டால் காட்ட ஒன்று இருக்க வேண்டும்.

கடைகளுக்குப் பொதி செய்து கொடுக்கப் போகிறீர்கள் என்றால் லேபல் வேண்டும்: பொருளின் பெயர், என்ன என்ன சேர்ந்தது, நிறை, செய்த திகதி, முடிவுத் திகதி, விலை, செய்தவரின் பெயர் விலாசம். வீட்டு ஓடருக்கு இவ்வளவும் பார்க்க மாட்டார்கள், ஆனாலும் கஜு, முட்டை, பால் சேர்ந்ததா என்பதை நீங்களாகவே சொல்லுங்கள். பகிர்ந்த குசினியில் இது இரட்டிப்பு முக்கியம். முட்டையில்லாத கேக் கேட்பவர் விரதகாரராக இருக்கலாம், அந்த ட்ரே போன தடவை முட்டை பூசிய பணிஸுக்குப் போனதாக இருக்கலாம். முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்து முஸ்லிம் வீடுகளிலிருந்து ஓடர் வந்தால் ரிச் கேக்கில் பிராந்தி, ஐசிங்கில் ஜெலற்றின் மட்டுமல்ல பிரச்சினை, அதே போறணையில் அதே தட்டில் வேறு என்ன போகிறது என்பதும் அவர்களுக்கு முக்கியம். ஆகவே அச்சு, ட்ரே, பீற்றர், கரண்டி எல்லாம் உங்களுடையதாக இருக்கட்டும், கொண்டுபோய்க் கொண்டுவாருங்கள். உண்மையைச் சொல்லி, முடியாததை முடியாது என்று சொன்னால் போகிற ஓடர் ஒன்று, ஒளித்தால் போவது அந்தத் தெரு முழுவதும்.

காசு. மூன்று விதமாகக் கேட்பார்கள்: மாதத்துக்கு ஒரு தொகை, மணித்தியாலத்துக்கு, அல்லது விற்பனையில் பங்கு. விற்பனையில் பங்குக்கு ஒருபோதும் ஒத்துக்கொள்ள வேண்டாம், உங்கள் கைவேலைக்கும் ஐசிங் வடிவத்துக்கும் அவர் ஏன் பங்கெடுக்க வேண்டும், அதோடு ஒவ்வொரு கேக்கின் விலையையும் அவரிடம் ஒப்புவிக்க வேண்டி வரும். மாத வாடகை, ஓடர் நிலையாக வந்த பிறகு சரி. ஆரம்பத்தில் ஒரு தடவைக்கு இவ்வளவு என்று பேசுங்கள், மேசைக்கும் போறணைக்கும் சேர்த்து, நான்கு மணித்தியாலம். உதாரணத்துக்கு ஒரு தடவைக்கு 1500 ரூபாய் என்று வையுங்கள். அன்றைக்கு ஆறு கிலோ சுட்டால் கிலோவுக்கு 250 ரூபாய், இரண்டு கிலோ சுட்டால் கிலோவுக்கு 750. இந்த வித்தியாசத்தில்தான் உங்கள் லாபம் இருக்கிறது. ஆகவே ஓடர் வந்த நாளெல்லாம் ஓடாமல், கிழமைக்கு இரண்டு நாள் மட்டும் சுடுவது என்று வைத்து, வாடிக்கையாளரையும் அதற்குப் பழக்குங்கள். பிறந்தநாளும் சாமத்திய வீடும் அதிகம் சனி ஞாயிறில் வருகின்றன, வியாழனும் வெள்ளியும் சுட்டால் பட்டர் கேக் தாங்கும். ரிச் கேக்கை வாரக்கணக்கில் முன்னமே செய்துவைக்கலாம், அதை மிச்ச இடத்தில் போட்டு நிரப்புங்கள்.

கரண்டையும் காஸையும் வாடகையோடு கலக்காதீர்கள். கரண்ட் ஓவன் என்றால் ஒரு சின்ன மீற்றரை அந்தப் பிளக் பக்கம் பூட்டினால் இரண்டு பேருக்கும் நிம்மதி. 2500 வாட் ஓவன் நிற்காமல் ஒரு மணித்தியாலம் எரிந்தால் இரண்டரை யூனிட், சூடு வந்த பிறகு அது விட்டுவிட்டு எரிவதால் உண்மையில் அதற்குக் குறைவாகத்தான் போகும். அளந்து பார்த்தால் அவர் பயந்ததை விடக் குறைவு என்று அவருக்கே தெரியும். காஸ் என்றால் உங்கள் சிலிண்டரை நீங்களே கொண்டுபோவது நல்லது. முடியாவிட்டால் தொடங்கும் முன்னமும் முடிந்த பின்னமும் சிலிண்டரைத் தராசில் நிறுத்து ஒரு கொப்பியில் எழுதுங்கள், 12.5 கிலோ காஸ் என்ன விலையோ அதில் பங்கு போட்டால் சரி. சின்னக் கணக்கு மாதிரி இருக்கும், இந்தக் கொப்பிதான் எங்கள் நாலு பேரின் நட்பைக் காப்பாற்றியது.

எழுத்தில் ஒரு பக்கம் போதும், சட்டத்தரணி தேவையில்லை, இரண்டு பேரும் கையெழுத்து, ஒரு சாட்சி. எந்த நாட்கள், எத்தனை மணி, எந்த மேசை, எந்த அலுமாரித் திறப்பு உங்களிடம், எவ்வளவு காசு, எப்போது கொடுப்பது, பொருள் உடைந்தால் யார், துப்புரவு யார், விலக வேண்டுமென்றால் ஒரு மாதம் முன்னறிவித்தல், முதல் மூன்று மாதம் பரீட்சார்த்தம். துப்புரவு பற்றி நான் செய்வது: உள்ளே போனதும் போனில் ஒரு படம், வெளியே வரும்போது ஒரு படம். யாரையும் பிடிக்கிறதற்கில்லை, நாளைக்கு ஒரு கேள்வி வந்தால் பதில் இருக்கும்.

அந்தப் பக்கத்தில் தவறாமல் எழுத வேண்டிய ஒரு வரி டிசம்பர். மற்ற மாதங்களில் போறணை சும்மா கிடக்கும், நத்தார் வந்ததும் பேக்கரிக்காரரே கேக் போடுவார், அதே கிழமைகளில்தான் உங்களுக்கும் ஓடர் குவியும். "டிசம்பர் 10க்குப் பிறகு வராதேங்கோ" என்று ஒன்பதாம் திகதி சொன்னால் என்ன செய்வீர்கள்? சித்திரை வருடப் பிறப்பும் அப்படித்தான், வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கல் காலத்தில் முல்லைத்தீவுப் பக்கமும், ஆவணி மடு மாதா திருவிழாவுக்கு மன்னார் வீதிப் பக்கமும் பேக்கரிகளுக்கு மூச்சுவிட நேரமில்லை. அந்தக் கிழமைகளில் என்ன ஏற்பாடு என்று இப்போதே கேட்டு எழுதுங்கள்.

இதற்கு நாங்கள் கண்ட வழி கலியாண மண்டபம். மார்கழியில் எங்கள் ஆட்கள் கலியாணம் வைப்பதில்லை, மண்டபக் குசினி பூட்டிக் கிடக்கும், நத்தார் கேக் வேலையின் உச்சமும் மார்கழி தொடங்குகிற அதே நாட்களில்தான். தண்ணீர், நீளமான மேசை, காற்றோட்டம் எல்லாம் இருக்கும், ஓவன் இருக்காது, அதை மட்டும் கொண்டுபோக வேண்டும். வருடம் முழுவதும் ஒரே இடத்தை நம்பாமல், சாதாரண நாளுக்குப் பேக்கரி, மார்கழிக்கு மண்டபம் என்று இரண்டு கடிதம் வாங்கி வையுங்கள். மாதர் சங்கக் கட்டடம், பொதுநோக்கு மண்டபம் போன்றவற்றையும் விசாரியுங்கள், வாடகை குறைவு, ஆனால் நிர்வாகம் மாறினால் பேச்சும் மாறும். பெண்கள் சேர்ந்து ஒரு கூரையின் கீழ் சமைத்து விற்பது எங்கள் மாகாணத்துக்குப் புதிதில்லை, விவசாயத் திணைக்களம் ஆரம்பித்த அம்மாச்சி உணவகங்களுக்கு ஒரு நாள் போய்ப் பாருங்கள், சாப்பிட மட்டும் போகாமல், யார் எந்த அடுப்பில் நிற்கிறார், பாத்திரம் யார் கழுவுகிறார், கல்லாவில் காசு எப்படிப் பிரிகிறது என்று பாருங்கள். அங்கே வேலை செய்கிற அக்காமாரிடம் கேட்டால் மனம்விட்டுச் சொல்வார்கள்.

சின்னதாக இன்னும் இரண்டு. மா, சீனி, பேக்கிங் பவுடர் எல்லாவற்றையும் வீட்டிலேயே நிறுத்து, கேக்குக்கு ஒரு பையாகக் கட்டிக்கொண்டு போங்கள். அங்கே மேசை நேரம் மிச்சம், உங்கள் அளவும் உங்களோடேயே இருக்கும். அங்கே வைக்கிற சாமானுக்கு மூடியுள்ள வாளிகள், நிலத்திலிருந்து உயர்த்தி, பெயரும் திகதியும். எறும்பு உங்கள் வாளிக்கு வந்தாலும் பழி இரண்டு பேருக்கும்தான்.

முதல் நாள் ஓடர் கேக் ஒன்றும் கொண்டுபோக வேண்டாம். ஒரே கலவையில் ஐந்து சின்ன அச்சு, போறணையின் நாலு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொன்றாக வையுங்கள். எது முதலில் நிறம் மாறுகிறது, எது நடுவில் பச்சையாக நிற்கிறது என்று எழுதிக்கொண்டு வாருங்கள். ஐந்தையும் வெட்டி அந்தப் பேக்கரிப் பெடியளுக்குக் கொடுத்து, மூலை மேசை எந்த மணியிலிருந்து உங்களுடையது என்று அவர்களிடமும் நேரே சொல்லிவிட்டு வாருங்கள், முதலாளிக்கு மட்டும் தெரிந்தால் போதாது.